தகர டப்பாவுக்குள் சருகு: சூட்டில் இலை சிதைவதை எடைபோட்டுப் பார்த்த பதிவு

சருகுக் குவியலுக்குத் தீ வைத்தால் இரண்டில் ஒன்று நடக்கிறது. சில குவியல் திகுதிகுவென்று பற்றிப் பத்து நிமிடத்தில் அடங்கிவிடும். சில குவியலில் தீயே தெரியாது. நாள் முழுக்கப் புகைந்துகொண்டு கிடக்கும். மாலையில் குச்சியால் கிளறினால் உள்ளே கங்கு சிவந்திருக்கும். ஈரம்தான் காரணம் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். ஆனால் ஒரே மரத்துச் சருகு, ஒரே வெயிலில் மொறுமொறுவென்று காய்ந்த இரண்டு குவியல் இப்படி வெவ்வேறு விதமாக எரிந்ததைப் பார்த்த பிறகு அந்த விடை போதவில்லை. இரண்டுக்கும் எனக்குத் தெரிந்த ஒரே வேறுபாடு, ஒன்று சில மழையில் நனைந்து பிறகு காய்ந்தது. மற்றது மழையே படாதது. திகுதிகுவென்று எரிந்தது நனைந்து காய்ந்த குவியல்.

அதனால் இலையைச் சூடுபடுத்தினால் உள்ளே என்னதான் நடக்கிறது என்று படிப்படியாகப் பார்த்துவிடத் தீர்மானித்தேன். ஆய்வுக்கூடங்களில் இதற்கென்றே வெப்பத் தராசு என்ற கருவி உண்டு. பொருளைச் சூடாக்கிக்கொண்டே அதன் எடை குறைவதை அளந்துகொண்டிருக்கும். ஜப்பானிய இயற்பியலாளர் கோத்தாரோ ஹோண்டா 1915இல் இந்தக் கருவியைப் பற்றி எழுதி, அதற்கு இந்தப் பெயரையும் வைத்தார். என்னிடம் அந்தக் கருவி இல்லை. சூடாக்குவது ஒரு வேலை, எடைபோடுவது இன்னொரு வேலை என்று பிரித்துக்கொண்டால் ஒரு தகர டப்பாவிலும் அதைச் செய்யலாம். நேரம்தான் அதிகம் பிடிக்கும்.

டப்பா அரை லிட்டர் பிடிப்பது. பெயின்ட் டப்பாவில் இருக்குமே, அதுபோல அழுத்தி மூடும் மூடி. மூடியின் நடுவில் ஆணியால் 2 மில்லிமீட்டர் துளை. புகை வெளியேற அது போதும், காற்று உள்ளே புகுவதும் குறைவாக இருக்கும். பக்கத்திலேயே இன்னொரு துளை, வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்பிள் கம்பி நுழைய. டப்பாவை ஒரு பெரிய இரும்புப் பாத்திரத்தில் வைத்துச் சுற்றிலும் காய்ந்த மணல் நிரப்பி, பாத்திரத்தைச் சுருள் மின்அடுப்பில் ஏற்றினேன். மணல் இல்லாமல் நேராக அடுப்பில் வைத்தால் அடியில் இருக்கும் இலை கரியாகி முடிந்திருக்கும், மேலே இருப்பது இன்னும் பழுப்பாகவே இருக்கும். மணல் சூட்டை வாங்கிச் சுற்றிலும் நிதானமாகக் கொடுக்கிறது. எல்லாம் திறந்தவெளியில். வருகிற வாயுவில் கார்பன் மோனாக்சைடு உண்டு, அதற்கு வாசனையே கிடையாது. அறைக்குள் இதைச் செய்யவே கூடாது. அடுப்பில் இருக்கும்போது துளையை அடைக்கவும் கூடாது.

இலை போடுவதற்கு முன் வெறும் டப்பாவை இரண்டு முறை 400 டிகிரிக்கு மேல் காய்ச்சினேன். உட்பூச்சு எரிந்து நாற்றமடித்து ஓய்ந்தது. தகரப் பூச்சும் உருகி அங்கங்கே சிறு மணிகளாகத் திரண்டது. தகரம் 232 டிகிரியில் உருகிவிடும். அதைப் பார்த்ததும்தான் ஒரு யோசனை வந்தது. தெர்மோகப்பிள் காட்டும் எண்ணை நம்பலாமா என்று எப்படிச் சோதிப்பது? கொதிக்கும் நீரில் 100 காட்டுகிறதா என்பது ஒரு சோதனை. ஈயம் கலக்காத சால்டர் கம்பி, தகரமும் கொஞ்சம் செம்பும் சேர்ந்தது, 227 டிகிரியில் உருகும். அதில் ஒரு துணுக்கை டப்பாவின் அடியில் போட்டு, முனையை அதன் பக்கத்தில் வைத்து, மூடியைத் திறந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தேன். கம்பி சட்டென்று சுருண்டு பளபளவென்று உருண்டையானபோது மானி 231 காட்டியது. 4 டிகிரி பிழை என் வேலைக்குப் பரவாயில்லை. முதல் நாள் 20 டிகிரிக்கும் மேல் தவறிப் போனதற்குக் காரணம் வேறு: தெர்மோகப்பிள் முனை டப்பாவின் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. முனை இலைகளின் நடுவில் நிற்க வேண்டும்.

எடுத்துக்கொண்டது மாஞ்சருகு. தடிப்பான இலை, காம்பை நீக்கிவிட்டால் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். வெயிலில் காய்ந்து கையில் நொறுங்குகிற நிலையில் 20.0 கிராம் எடுத்து அமுக்கி நிரப்பினேன்.

முதல் ஓட்டத்தில் எடையே போடவில்லை. சூடு ஏறுவதை மட்டும் கவனித்தேன். மணல் 180 டிகிரியைத் தொட்டுவிட்டது, இலைகளின் நடுவிலோ 100ஐ ஒட்டியே முள் நின்றது. கால் மணி நேரம் அசையவில்லை. தெர்மோகப்பிள் பழுதாகிவிட்டதோ என்று பயந்தே விட்டேன். துளைக்கு மேலே ஒரு கண்ணாடித் துண்டைக் காட்டியதும் விடை கிடைத்தது: தெளிந்த நீர்த்துளிகள். கையில் நொறுங்கும் சருகில்கூட அத்தனை நீர் இருக்கிறது. ஒரு கிராம் நீரைச் சாதாரண வெப்பநிலையிலிருந்து ஆவியாக்க ஏறத்தாழ 2.6 கிலோஜூல் வேண்டும். வருகிற சூட்டையெல்லாம் அந்த நீர் குடித்துவிடுவதால், அது போகிற வரையில் இலை சூடேறாது. ஈரக் குவியல் புகைவதற்கு இதுதான் காரணம். ஈரம் எரிவதைத் தடுக்கிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். தீப்பிடிக்கிற சூட்டுக்கு இலையை ஏறவிடாமல் 100 டிகிரியில் பிடித்து வைக்கிறது என்பதுதான் நடக்கிற காரியம்.

அதன் பிறகு எடைக்கணக்கு. முதல் உலர்த்தலைத் தவிர ஒவ்வொரு படியிலும் நாற்பது நிமிடம் அதே சூட்டில் வைத்திருந்து, டப்பாவை எடுத்து, புகை நின்றதும் துளைகளை அடைத்து, முழுதும் ஆறவிட்டு, மூடியோடு எடைபோட வேண்டும். சூடாக வைத்தால் டப்பாவைச் சுற்றிக் காற்று மேலே எழும்பித் தராசு குறைத்துக் காட்டும். ஆறும்போது உள்ளே வாயு சுருங்குவதால் டப்பாவின் அடி ‘டப்’ என்று உள்வாங்கும். ஒட்டிய மணலைத் தூரிகையால் தட்டிவிட வேண்டும்; 0.01 கிராம் தராசில் கொஞ்சம் மணல் ஒட்டியிருந்தாலும் தெரிந்துவிடும்.

105 டிகிரியில் இரவு முழுக்க வைத்த பிறகு 18.1 கிராம். ஆக, 1.9 கிராம் வெறும் தண்ணீர். 200 டிகிரியில் 17.4. இதுவரை பெரிதாக ஒன்றும் இல்லை. இலை காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்திருந்தது, மெழுகுப் பளபளப்பு மங்கியிருந்தது. 250இல் 15.0. 300இல் 10.9. 350இல் 8.0. 400இல் 7.0. 

இந்த எண்களைத் தாளில் கோடாக வரைந்து பார்த்தபோது மனம் துள்ளியது. மெதுவாகச் சாய்ந்து வந்த கோடு 250க்கும் 350க்கும் நடுவில் செங்குத்தாக விழுகிறது, அப்புறம் மீண்டும் தட்டையாகிறது. இலைக்குள் இருக்கும் பொருள்கள் எல்லாம் ஒரே நேரத்தில் சிதைவதில்லை. உயிரணுச் சுவரில் முக்கியமானவை மூன்று: ஹெமிசெல்லுலோஸ், செல்லுலோஸ், லிக்னின். ஹெமிசெல்லுலோஸ் முதலில், ஏறத்தாழ 220 முதல் 315 டிகிரிக்குள். அதற்குப் பின்னால் செல்லுலோஸ், 315இலிருந்து 400 வரை, ஒரே மூச்சில். லிக்னினுக்கு அவசரமே இல்லை. 160 டிகிரியிலேயே தொடங்கி 900 வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதையும், கரியில் அதன் பங்குதான் அதிகம். இவை ஆய்வுக்கூடத்தில் தூய பொருள்களை வைத்து அளந்த எல்லைகள். இலையில் எல்லாம் பிணைந்து கிடப்பதால் அவ்வளவு சுத்தமாகப் பிரியாது, ஆனால் என் கோட்டின் வளைவிலும் அந்த வரிசை தெரிந்தது.

இத்தனைக்கும் டப்பாவுக்குள் எதுவும் எரியவில்லை. காற்று இல்லை, தீ இல்லை. சூடு மட்டுமே இலையை உடைத்து, எடையில் பாதிக்கு மேல் புகையாக வெளியே அனுப்பிவிட்டது.

அந்தப் புகையைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். இரண்டாவது ஓட்டத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எரியும் ஈர்க்கைத் துளைக்குக் காட்டினேன். 200 டிகிரியில் வெளிவந்த வெள்ளைப் புகை ஈர்க்கையே அணைத்தது. அதில் நீராவியும் கார்பன் டையாக்சைடும்தான் மிகுதி. 240இல் புகை மஞ்சள் கலந்து கனத்தது, கண்ணைக் கரித்தது, தீப்பிடிக்கவில்லை. 290ஐத் தாண்டியதும் ஈர்க்கைக் காட்டிய நொடியில் ‘புஸ்’ என்று பற்றிக்கொண்டது. மூடிக்கு மேலே விரல் நீள மஞ்சள் சுடர். அதன் அடியைக் கூர்ந்து பார்த்தால் துளைக்கும் சுடருக்கும் நடுவில் ஒரு சிறிய இடைவெளி. அங்கே புகை மட்டும் எழும்புகிறது, காற்றோடு கலந்த பிறகே எரிகிறது. சுடர் இருந்த இருபது நிமிடமும் புகையே இல்லை. ஊதி அணைத்தேன், மறுபடி அடர்ந்த புகை. பற்றவைத்தேன், புகை மறைந்தது. இதை ஐந்தாறு முறை செய்திருப்பேன், அலுக்கவே இல்லை.

ஆக, குவியலில் சுடர்விடுவது இலை அல்ல, இலையிலிருந்து கிளம்பும் வாயு. சுடர் இல்லாமல் கிளம்பினால் அதே பொருள்தான் காற்றில் குளிர்ந்து நுண்துளிகளாகிப் புகையாகத் தெரிகிறது. எரியாமல் தப்பித்த எரிபொருள் அது. கனன்றுகொண்டே புகையும் குவியல் கண்ணுக்குச் சாதுவாகத் தெரியும். ஆனால் கார்பன் மோனாக்சைடும் நுரையீரலின் ஆழம்வரை போகும் நுண்துகளும், ஒரே அளவு சருகுக்குக் கணக்கிட்டால், சுடர்விடும் தீயைவிட அதில்தான் அதிகம்.

புகையைப் பிடித்தும் பார்த்தேன். துளையில் ஒரு செம்புக் குழாயைச் செருகி, மறுமுனையைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்திய கண்ணாடிக் குடுவைக்குள் விட்டேன். அடியில் கறுத்த பிசின்போலத் தார், மேலே தேநீர் நிறத்தில் நீர். அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் தாளில் 3, அதாவது நல்ல அமிலம். புளித்த வாசனை, வினிகரில் இருக்கும் அசெட்டிக் அமிலத்தின் வாசனை. ஹெமிசெல்லுலோஸில் தொங்கிக்கொண்டிருக்கும் அசெட்டைல் தொகுதிகள் என்ற சிறு அணுக்கூட்டங்கள் கழன்று வருவதால் உண்டாவது. (அந்தத் தார் டப்பாவின் மூடியையும் பிடித்துக்கொள்கிறது. ஆறிய பிறகு நெம்பித்தான் எடுக்க வேண்டும். திருப்புளி ஒன்றைக் கையோடு வைத்துக்கொள்வது நல்லது.)

நெம்புகிற வேலைக்குப் பயந்து, மூன்றாம் ஓட்டத்தில் சூடாக இருக்கும்போதே மூடியைத் திறந்தேன். மானி 210 டிகிரி காட்டியது. கரி அழகாக வந்திருந்தது. இலையின் வடிவம் மாறாமல், நரம்புகூடத் தெரிந்தது. சுடரும் இல்லை, புகையும் இல்லை. தராசுக்கு எடுத்துப் போகத் துணி தேடினேன், திரும்பி வருவதற்குள் 260. அப்புறம் 340. மேலே லேசாக வெண்மை படர்ந்திருந்தது, ஊதியதும் உள்ளே செக்கச்செவேலென்று. நீறு பூத்த நெருப்பு என்பதை அவ்வளவு நெருக்கத்தில் அதுவரை பார்த்ததில்லை. இலைக்கரி மெல்லியது, நுண்துளை நிறைந்தது. சூடாக இருக்கும்போது காற்று பட்டால் ஆக்சிஜனை இழுத்துத் தானே கனலத் தொடங்கிவிடும். இரண்டு நாள் வேலை சாம்பலானது. அதிலிருந்து, கையால் தொட்டுப் பார்த்துச் சில்லென்று இருந்தால்தான் மூடியைத் தொடுவது. இதைச் செய்து பார்க்கிறவர்களும் அப்படியே செய்யுங்கள். ஆறாத கரியைக் குப்பையில் கொட்டிவிட்டுப் போவது தீயைக் கொட்டிவிட்டுப் போவதுதான்.

அந்தச் சாம்பலை வீணாக்கவில்லை. இரும்புத் தட்டில் பரப்பி, கறுப்பு முழுதும் போய் வெளிர்சாம்பல் நிறம் வரும்வரை காய்ச்சியதில் 1.8 கிராம் நின்றது. காய்ந்த இலையில் பத்தில் ஒரு பங்கு. கட்டையின் சாம்பல் பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். மரம் தன் தாதுக்களை இலையில்தான் அதிகம் சேர்க்கிறது.

சாம்பலை வாலைநீரில் (காய்ச்சி வடித்த நீரில்) கலக்கி வடிகட்டினேன். வடிநீர் பிஎச் தாளை 11க்குக் கொண்டுபோனது. அதில் இருப்பது பெரும்பாலும் பொட்டாசியம் கார்பனேட். 1807இல் ஹம்ப்ரி டேவி முதன்முதலாகப் பிரித்தெடுத்த பொட்டாசியத்துக்கு அந்தப் பெயர் வந்ததே, சாம்பல்நீரைப் பானையில் காய்ச்சி எடுத்த உப்பை ‘பானைச் சாம்பல்’ என்று ஐரோப்பாவில் அழைத்ததால்தான். வடிதாளில் தங்கிய வண்டலில் வினிகர் விட்டேன், நுரைத்துப் பொங்கியது. பல மரங்களின் இலைகளில் கால்சியம் ஆக்சலேட் நுண்படிகங்களாக இருக்கும். 400க்கும் 500க்கும் இடையில் அது கார்பன் மோனாக்சைடை விட்டுவிட்டுக் கால்சியம் கார்பனேட் ஆகிறது. இன்னும் சூடேற்றி 700ஐத் தாண்டினால் சுட்ட சுண்ணாம்பாக மாறத் தொடங்கும். என் தட்டு அந்தச் சூட்டைத் தொடாததால் கார்பனேட்டாகவே நின்றிருந்தது.

மூங்கில் சருகையும் அதே மாதிரி எரித்தேன். கழுவிய வண்டலில் வினிகர் விட்டால் ஒன்றிரண்டு குமிழி, அவ்வளவுதான். ஆனால் எரிந்து முடிந்த இலை உடையாமல், வெள்ளை வெளேரென்று, இணைநரம்புக் கோடுகளோடு முழு இலையாகவே தட்டில் கிடந்தது. மூங்கில் தன் இலையில் சிலிக்காவைச் சேர்த்து வைக்கிறது. எரியக்கூடியது எல்லாம் போனபின் அந்தச் சிலிக்கா எலும்புக்கூடு மிஞ்சுகிறது. பூதக்கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் ஒரு மாலை போயிற்று. யூகலிப்டஸ் சருகு டப்பாவில் வேறு கதை: அதன் எண்ணெயின் முக்கியக் கூறான சினியோல் 176 டிகிரியில் கொதிப்பதால், இலை சிதைவதற்கு முன்பே வாசனையாகக் கிளம்பிவிடுகிறது. அதை அத்தோடு நிறுத்திக்கொண்டேன். எண்ணெய் ஆவி திடீரென்று பற்றும். தகர டப்பாவில் விளையாடத் தக்கதல்ல.

சரி, மழையில் நனைந்த குவியலுக்கு வருகிறேன். மாஞ்சருகை இரண்டு பங்காக்கி, ஒரு பங்கை வாலைநீரில் மூன்று நாள் ஊறவைத்தேன், தினமும் நீரை மாற்றி. நீர் முதல் நாள் அடர்பழுப்பாக இறங்கியது, மூன்றாம் நாள் ஏறத்தாழத் தெளிந்தது. இரண்டையும் 105 டிகிரியில் உலர்த்தி, சரியாக 15 கிராம் வீதம் நிறுத்து, ஒரே மாதிரி 400 வரை கொண்டுபோனேன். ஊறவைக்காத சருகு 5.8 கிராம் கரி தந்தது, ஊறவைத்தது 4.9. புகை கனக்கத் தொடங்கியது ஊறவைக்காததில் 235இல். ஊறியதில் 260 ஆயிற்று. ஆனால் கிளம்பியபோது வேகமாகக் கிளம்பியது. துளையில் பற்றவைத்த சுடர் முன்னதைவிட உயரமாக நின்றது, சீக்கிரமே முடிந்தும் போனது.

காரணம் பெரும்பாலும் பொட்டாசியம். அது இலையின் கட்டுமானத்தோடு பிணைந்திருப்பதில்லை, உயிரணுச் சாற்றில் அயனியாக இருப்பது. அதனால் மழைநீரே அதை எளிதாக அலசிக்கொண்டு போய்விடும். பொட்டாசியம் இல்லாத இடத்தில் செல்லுலோஸ் சூட்டில் பெரும்பங்கு லெவோகுளுக்கோசான் என்ற ஆவியாக உடைகிறது. அது நன்றாக எரியும் பொருள், சுடர் அதிலிருந்து வருகிறது. பொட்டாசியம் இருந்தால் சிதைவு இன்னும் குறைந்த சூட்டிலேயே தொடங்கி, வேறு வழியில் போகிறது: நீர், கார்பன் டையாக்சைடு, சிறு மூலக்கூறுகள், அதோடு நிறையக் கரி. சுடருக்கான தீனி குறைகிறது. அதோடு நிற்பதில்லை, மிஞ்சிய கரி குறைந்த சூட்டிலேயே கனலவும் அது துணைபோகிறது. அதனால்தான் மழை படாத சருகு சுடர் இல்லாமல் நாள் முழுக்கக் கனன்று புகைகிறது. ஊறவைத்தபோது சர்க்கரையும் டானின்கள் என்ற துவர்ப்புப் பொருள்களும்கூடக் கரைந்து போயிருக்கும்; அவற்றையும் சேர்த்துத்தான் என் எண்களைப் பார்க்க வேண்டும். அப்படியானால் பொட்டாசியத்தைத் திருப்பிக் கொடுத்தால் கனல் திரும்புகிறதா என்று பார்ப்பதுதான் நேர்மையான சோதனை.

முதலில் வடிதாள். இரண்டு துண்டு வெட்டி, ஒன்றை வாலைநீரிலும் மற்றதை நான் வடித்து வைத்திருந்த சாம்பல்நீரிலும் நனைத்து உலர்த்தினேன். முனையைப் பற்றவைத்து ஊதி அணைத்தால், வாலைநீர்த் துண்டின் சிவந்த விளிம்பு உடனே கறுத்துவிடுகிறது. சாம்பல்நீர்த் துண்டில் சிவப்பு நிற்கிறது. நூல் தடிமனில் ஒரு கோடு, முன்னால் வெள்ளைத் தாளும் பின்னால் சாம்பலுமாக, ஊர்ந்துகொண்டே போய் 10 சென்டிமீட்டரை ஏழெட்டு நிமிடத்தில் முடித்தது.

அப்புறம் இலை. ஊறவைத்துக் காயவைத்த மாஞ்சருகு ஒன்றை எடுத்து, நடுநரம்புக்கு வலப்பக்கம் மட்டும் தூரிகையால் சாம்பல்நீர் தடவினேன். இடப்பக்கத்துக்கு வாலைநீர். மீண்டும் உலர்த்தி, இருட்டிய பிறகு கம்பி வலையில் கிடத்தி நுனியில் தீ வைத்தேன். சுடர் முதலில் இடப்பக்கம் தாவி, விறுவிறுவென்று காம்புவரை ஓடி அணைந்தது. கறுத்த இலை அப்படியே கிடந்தது. வலப்பக்கத்தில் சுடர் பாதியிலேயே படுத்துவிட்டது. ஆனால் அது படுத்த இடத்திலிருந்து ஒரு சிவப்பு விளிம்பு புறப்பட்டு, கிளைநரம்புகளைத் தாண்டித் தாண்டி, மெல்லிய புகையை விட்டுக்கொண்டே காம்பை நோக்கி நகர்ந்தது. நடுநரம்பைத் தொட்ட இடங்களிலெல்லாம் கொஞ்சம் தயங்கியது. கறுத்த பக்கத்துக்குள் ஓர் இடத்தில்கூட இறங்கவில்லை. கால் மணி நேரம் கழித்து வலையில் இருந்தது பாதி கறுப்பு, பாதி வெள்ளை, நடுவில் நேர்க்கோடு.